அளவெடுக்காத நீலப் பாவாடை

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால், "அட, இவ்வளவுதானா?" என்று கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தக் காலத்து வீம்பு, வெட்கம், பயம் எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு கல்லூரியில், சுயதொழில் பற்றிப் பெண்பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்து சிறுதொழில் கடன்களுக்குக் கையெழுத்துப் போட்டவள் ஆயிற்றே, எனக்குப் பேசத் தெரியாதா? காலம் மாறும்போது முதலில் மோப்பம் பிடிப்பவள்தான் பிழைப்பாள், துணிந்து இறங்குங்கள், சொந்தக் காலில் நில்லுங்கள் என்று வெளுத்து வாங்கினேன். கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். ஒரு பெண் எழுந்து, "உங்க வீட்டுல யாராவது தொழில் பண்ணியிருக்காங்களா மேடம்?" என்று கேட்டாள். "இல்லம்மா, நாங்க உத்தியோகக் குடும்பம்" என்றேன். அறுபத்தெட்டு வருஷம் கழித்தும் அதே வாய், அதே புளுகு. வீட்டுக்கு வந்ததும் சால்வையை நாற்காலியில் வீசிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டிலும் ஒருத்தி தொழில் செய்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை. மொத்தம் பதினொரு நாள் செய்தாள். அதைக் கெடுத்தவள் நான்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சொல்தா வீடு, அதாவது பட்டாளத்தார் வீடு என்றால் நெல்லித்தோப்பில் அன்றைக்குத் தனி மரியாதை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கோட்டு மாட்டிக்கொண்டு, ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் ஏறிப் பான்சியோன், அதுதான் பென்ஷன், வாங்கப் போவார். தெருவே பார்க்கும். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லையில் நின்ற சுங்கச் சாவடிகள் போய்விட்டன. கடைகளில் சைகோன் சாமானெல்லாம் வற்றிப்போய், மதராஸ் சாமானும் கோயம்புத்தூர் மில் துணியும் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அப்பா மட்டும் எதையும் நம்பவில்லை. "இதெல்லாம் ஆறு மாசக் கூத்துடா. வெள்ளக்காரன் திரும்பி வந்துடுவான், பாத்துக்கினே இரு" என்று சாயங்காலம் கூட்டாளிகளிடம் சொல்லுவார். அவர்களும் தலையாட்டுவார்கள். அப்படி ஒவ்வோர் ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருந்தது.

அத்தையின் வீட்டுக்காரரும் பட்டாளம்தான். சைகோனில் காய்ச்சலில் போய்விட்டார். அத்தைக்கும் பான்சியோன் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏன் தெரியுமா? பிள்ளையார் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. மேரி என்போமே, நகராட்சிக் கட்டடம், அங்கே போய்க் கல்யாணத்தைப் பதிந்து கையெழுத்துப் போடவில்லை. கப்பலுக்கு நேரமாகிவிட்டது, அடுத்த லீவில் பதிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த லீவு என்று ஒன்று வரவே இல்லை. காகிதத்தில் அத்தை யாருக்கும் பெண்டாட்டி இல்லை. இப்படி ஏமாந்துபோனவர்கள் அப்போது தெருவுக்கு ஒருத்தியாவது இருந்தார்கள்.

அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அத்தைக்குப் பிடிக்கவில்லை. அம்மா ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. ஆனால் சோறு போடும்போது கரண்டி கொஞ்சம் சத்தமாகப் பேசும். அத்தைக்கென்று இருந்தது, மாமா கல்யாணத்துக்கு வந்தபோது சைகோனிலிருந்து கொண்டுவந்த தையல் மிஷின் ஒன்றுதான். கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூ போட்டது. எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருப்பாள். "ரெண்டு மிஷின் ஓடுற மாதிரி ஒரு ரூமு பாத்துக்கினு நான் தனியாப் போயிடுவேன் அண்ணி. கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று அம்மாவிடம் சொல்லுவாள். அவள் ஆசைப்பட்டது அந்த ஓர் அறைக்குத்தான்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சீருடை கட்டாயம் என்று அறிவித்தார்கள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. மா மேர் என்று நாங்கள் கூப்பிட்ட தலைமைக் கன்னியாஸ்திரி, முழுப் பரீட்சை முடிந்த அன்றே எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். உங்களுக்கு நினைவிருக்கும், துணி வாங்கி, பழைய சட்டை ஒன்றை அளவுச் சட்டையாகத் தையல்காரரிடம் கொடுத்து, "இதவிட ரெண்டு விரக்கட பெருசா" என்று சொல்லிவிட்டு, நாயாக அலைந்தால்தான் ஒன்று கைக்கு வரும். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் தையல்காரர்களைப் பிடிக்கவே முடியாது. துணியும் ஆளுக்கொரு கடையில் வாங்குவது. ஒருத்தி மயில் நீலம், இன்னொருத்தி மசி நீலம்.

அத்தை மே மாதம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பென்சில். "அவ மூணு. அதோ போவுதே குண்டுப் பொண்ணு, அது அஞ்சு" என்று முணுமுணுப்பாள். என்னைப் பார்த்து, "நீ ரெண்டரை நம்பருடி. ஒனக்கோசரம் தனியா நம்பர் போட முடியுமா? நல்லாத் தின்னுட்டு மூணுக்கு வந்து சேரு" என்று சிரிப்பாள். பிறகு தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கமர்கட்டைக் கொடுத்து, நாடாவால் அளந்து பார்த்தாள். அவள் நினைத்தது சரியாக இருந்தது. ஆறிலிருந்து பதினாறு வயது வரை எந்தப் பெண்ணாக இருந்தாலும் ஐந்து அளவுக்குள் அடங்கிவிட்டாள். இடுப்பில் நாடா, தோளில் ஒரு மடிப்பு, கீழே பிரித்துவிட ஒரு மடிப்பு. மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

ஐம்பத்தாறாம் வருஷம் இதைக் கண்டுபிடித்தாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வங்கியில் என் மேசைக்கு எத்தனையோ பேர் திட்டத்தோடு வந்திருக்கிறார்கள். அத்தையின் திட்டத்தைப் போலத் தெளிவாக ஒன்றையும் நான் பார்த்ததில்லை, சத்தியமாக.

பெட்டியில் இருந்த ஒரு ஜோடி வளையலை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு என்னையும் கூட்டிப்போனாள். அங்கே ஒரு ஜவுளிக்கடைக்காரர். பெரிய மீசை, எப்போதும் வெற்றிலை. "அளவே எடுக்காம தைக்கிறதா? யாரும்மா போட்டுக்குவாங்க?" என்று சிரித்தார். அத்தை விடவில்லை. "ஒரே துணித் தானுல நீலம் குடுங்க. ஊர்ல இருக்கிற புள்ளைங்க பூரா ஒரே நெறத்துல போவட்டும். அப்புறம் பாருங்க" என்றாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வளையலை ஈடாக வாங்கிக்கொண்டார். துணி கிடைத்தது. புதுத் துணியின் கஞ்சி வாசனை வீடெல்லாம் ஒரு மாதம் இருந்தது. காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை மிஷின் ஓடியது. நாற்பது ஜோடி தைத்தாள். அளவு தெரிவதற்குக் கழுத்துப்பட்டிக்கு உள்ளே நிறநூலால் ஒரு தையல்: ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்குப் பச்சை என்று.

அப்பா குதித்தார். "சொல்தா வூட்டுப் பொம்பள துணி யாவாரம் பண்றாளாம்! நாளைக்கு நான் எப்படி வெளியில தல காட்டுறது?"

"ஒக்காந்து சாப்புடறதுக்கு வெக்கமா இருக்குது அண்ணா. ஒழைச்சுச் சாப்புடறதுல இன்னா வெக்கம்?" என்றாள் அத்தை.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். போர்டு வைக்கக் கூடாது. தெருவில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. வேண்டுமென்பவர்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து வாங்கிக்கொள்ளட்டும். அப்படியானால் ஊருக்கு எப்படித் தெரியும்? அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "இதோ இருக்குதே என் போர்டு. மொத நாளு இத மாட்டிக்கினு போனா போதும். எங்க தச்சேன்னு நாலு பொண்ணுங்க கேக்கும். எங்க அத்த தச்சதுன்னு சொல்லு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

தெருக்காரர்கள் நாலைந்து பேர் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே வந்து வாங்கிப்போனார்கள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு இரண்டாம் நம்பர் சட்டை, மூன்றாம் நம்பர் பாவாடை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வருகிறது என் லட்சணம்.

எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் அநாதை மடம் இருந்தது. ஊரில் அளவெடுக்காமல் மொத்தமாகத் தைத்த உடுப்பு போடுகிறவர்கள் அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். தொளதொளவென்று தொங்கும். மடத்துச் சட்டை என்று கேலி செய்வோம். முதல் நாள் மணி அடிப்பதற்கு முன்னால், பாதாம் மரத்தடியில் கோர்ட்டு குமாஸ்தாவின் மகள் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். வகுப்பில் அவள் வைத்ததுதான் சட்டம். கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பச்சை நூலைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது அடையாளம்? எந்தத் தையக்காரரு தச்சது?"

"அளவு எடுத்துத் தைக்கல. ரெடியா தச்சு வெச்சது" என்றேன். அத்தை தைத்தது என்று மட்டும் வாயில் வரவில்லை.

"ரெடியாவா? ஐயே! நீ எப்படி மடத்துல சேந்த? ஒங்க அப்பாரு ஒன்ன வுட்டுட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. பத்து வயதுப் பெண்ணின் அவமானம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வயதைக் காட்டி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. செய்வது இன்னதென்று தெரிந்துதான் செய்தேன்.

"இது என்னுது இல்ல. என்னுது தையக்காரர்கிட்ட இருக்குது. இது மடத்துக்குத்தான் தச்சது. அங்க புள்ளைங்களுக்கு அம்ம வந்து, ஆறு பேரு செத்துட்டாங்க. அதுங்களோடது மிச்சம். அதத்தான் எங்க அத்த விக்கிறாங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் நான் போட்டுக்கினு வந்தேன்."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? அந்தக் கோடையில் ஊரில் அங்கங்கே அம்மை இருந்தது. வாசலில் வேப்பிலை செருகிய வீடுகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனோம். பெரியவர்களிடம் கேட்ட பயத்தை எல்லாம் திரட்டி என் வாய் ஒரு கதையாக்கிவிட்டது. கோர்ட்டு குமாஸ்தாவின் மகள் என் சட்டையைத் தொட்ட கையைத் தன் பாவாடையில் தேய்த்துக்கொண்டு நாலடி பின்னால் போனாள். யாரும் சிரிக்கவில்லை. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து, "அது எனக்குக் குத்துது அத்த" என்று அடம்பிடித்து, பள்ளிக்கூடத்தில் சீருடை இன்னும் தையல்காரரிடம் இருக்கிறது என்று சொல்லி, பழைய கவுனில் போனேன்.

அம்மை வந்த வீட்டுத் துணி என்றால் அன்றைக்கு என்ன பயம் என்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். அந்தப் பேரை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஆத்தாவுக்குக் கோபம் வரும், சொன்னவர்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று பயம். அதனால் என் பொய் வீடு வீடாகப் பரவியதும், வாங்கிப்போன தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. "வேணாங்க, வூட்ல பெரியவங்க ஒத்துக்கல." "பொண்ணுக்குப் புடிக்கல, தப்பா நெனச்சுக்காதீங்க." ஒரு அம்மாள் பின்வாசலுக்குக்கூட வரவில்லை. மதிலுக்கு மேலே மூட்டையை எறிந்துவிட்டு, கையை மஞ்சள் தண்ணீரில் கழுவிக்கொண்டு போனாள். அதை அத்தை பார்த்துவிட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க, முப்பத்தொன்பது ஜோடியை அளவு வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு, பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல யாராச்சும் எதனா சொன்னாங்களாடி கண்ணு?"

"இல்ல அத்த."

அவள் பின்னலை முடித்தாள். பிறகு ரிப்பன் கட்டிவிட்டாள்.

பதினோராம் நாள் அம்மாதான் அதைச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, தனக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னாள். "புள்ளைங்க மொத மொதல்ல போட்டுக்கினு போற துணி. தாலியறுத்த கையால தச்சதுன்னா யோசிக்க மாட்டாங்களா? ராசி பாப்பாங்க இல்ல?" அத்தை தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

மிஷினை விற்றாள். வாங்கிப்போனவன் அதைத் தள்ளுவண்டியில் வைத்துக் கயிறு கட்டினான். அவ்வளவு துணியையும் என்ன செய்வது? மூட்டையாகக் கட்டி அநாதை மடத்துக்கே கொடுத்துவிட்டாள். என் பொய்யில் பாதி அப்படி உண்மையாகிப்போனது. மடத்துப் பிள்ளைகள் அந்த உடுப்பில் வரிசையாக வந்தபோது, மா மேர் எங்களை எழுப்பி நிற்கவைத்து, "பாருங்கள், எவ்வளவு அழகாக ஒரே நிறத்தில் வந்திருக்கிறார்கள். நீங்களும்தான் இருக்கிறீர்களே, ஆளுக்கொரு நீலம்!" என்று திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோர்ட்டு குமாஸ்தாவின் மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் மறந்தே போயிருந்தது.

அம்மா சமையற்காரியை நிறுத்திவிட்டாள். அத்தை அடுப்படிக்குப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஜவுளிக்கடைக்காரர் தன் கடையில் ரெடிமேட் சீருடை என்று தொங்கவிட்டார். ஐந்து அளவு. ஊரே வரிசையில் நின்றது. ராசியும் பார்க்கவில்லை, மடத்துச் சட்டை என்றும் சொல்லவில்லை. கண்ணாடி அலமாரியில் தொங்கினால் எல்லாம் சரியாகிவிடுகிறது போலிருக்கிறது. அப்பா எனக்கும் ஒன்று வாங்கி வந்தார். "நாலு நாளு தையக்காரன் பின்னால அலைய வேணாம் பாரு, என்னா வசதி!" என்று அத்தையிடமே காட்டினார். அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்குது அண்ணா" என்றாள்.

இவ்வளவுதான் என்றால் சின்ன வயதுத் தப்பு என்று நானே என்னை மன்னித்திருப்பேன். இன்னும் இருக்கிறது.

எனக்குப் பதினாறு வயது, கல்லூரியில் சேர்ந்திருந்தேன். பிரெஞ்சுக் குடியா, இந்தியக் குடியா என்று ஊரே எழுதிக்கொடுக்கப் போய்வந்துகொண்டிருந்த சமயம். வெள்ளைக்காரன் திரும்பி வருவான் என்ற பேச்சை அப்பா ஒருவழியாக விட்டிருந்தார். ஒரு சாயங்காலம் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார், முன்வாசல் வழியாக. அத்தையைக் கூப்பிடச் சொன்னார். அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"உள்ளத சொல்லிடறேம்மா. என் கடையில ஓடுறது ஒங்க கணக்குதான், அந்த அஞ்சு அளவு. மடத்துப் புள்ளைங்க போட்டத பாத்துதான் எனக்குப் புத்தி வந்தது. இப்ப காரைக்கால்லருந்து கேக்குறாங்க, கடலூர்லருந்து கேக்குறாங்க. என்னால சமாளிக்க முடியல. கடைக்குப் பின்னால ரெண்டு ரூமு இருக்குது. நாலு மிஷின் போட்டுத் தரேன். தையல் பூரா ஒங்க பொறுப்பு. வர்றதுல ஆளுக்குப் பாதி. இன்னா சொல்றீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். குதிப்பார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவளுக்கு இஷ்டம்னா செய்யட்டும். காலம் மாறிப்போச்சு" என்றார். அம்மாகூட, "போயேன், நான் சமையலப் பாத்துக்கிறேன்" என்றாள்.

அத்தை தலையை ஆட்டினாள். "என் கை ராசியில்லாத கைங்க. ஒங்க நல்ல கடை அது. என்னால கெட வேணாம்."

"ராசியாவது ஒண்ணாவது! யோசிச்சுச் சொல்லுங்க. நான் இங்கியே குந்தியிருக்கேன், அவசரமில்ல" என்றார் அவர்.

அத்தை உள்ளே வந்தாள். நான் படித்துக்கொண்டிருந்த மேசைக்கு எதிரில் நின்றாள். அவள் முகத்தில் ஆறு வருஷமாக நான் பார்க்காத ஒன்று இருந்தது. ஆசை. மெதுவாகக் கேட்டாள்.

"நீ காலேஜு படிக்கிறவ. நெசத்த சொல்லு. ராசின்னு ஒண்ணு இருக்குதா? அன்னிக்கு என் துணிய யாருமே தொடலியே. அதுக்கு வேற எதனா காரணம் இருந்திருக்குமா?"

எத்தனை தடவை இந்த இடத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன்! காரணம் நான்தான் அத்த, உன் கையில் ஒரு குறையும் இல்லை, போய் உன் அறையைப் பார்த்துக்கொள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அடி வாங்கப் பயமில்லை. அப்பா என்னை அடித்ததே இல்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் மலர்கிற அந்த முகம் இனிமேல் மலராமல் போய்விடுமே என்றுதான் பயந்தேன். அதைக் காப்பாற்றிக்கொள்ள அவள் பிழைப்பைக் கொடுத்தேன்.

"எனக்குத் தெரியல அத்த" என்றேன்.

அவள் கூடத்துக்குப் போய், "வேணாங்க, மன்னிச்சுக்கோங்க" என்று சொன்னது கேட்டது. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போகிற சத்தமும் கேட்டது. நான் புத்தகத்தில் அதே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை திரும்பி வந்து, கதவில் கை வைத்து, எப்போதும்போல முகம் மலரச் சிரித்தாள்.

"பேச்சுல அடுப்ப மறந்தே போயிட்டேன் பாரு. ஒனக்குப் பசிக்குமே. இன்னா வேணும் சொல்லு, தோசையா, உப்புமாவா?"

தோசை என்றேன்.